தண்ணீருக்கு நாடி இருந்த மூன்று மாதம்

சாத்தனேந்தல் கண்மாய்க்கரை உடைந்தது கார்த்திகை மாதம் மூன்றாவது புதன்கிழமை, பகல் பதினொன்றரை மணிக்கு. அந்த நேரத்தில் கரைக்கு நேர்கீழே இருந்த நடுநிலைப்பள்ளியின் சத்துணவுக் கூடத்தில், நூற்றுப் பதினெட்டுப் பிள்ளைகளுக்கான சாம்பாருக்கு வேலுத்தாய் பூசணிக்காய் அரிந்துகொண்டிருந்தாள். ஏழு நாள் விடாமல் பெய்த மழை அன்று காலையில்தான் வெறித்திருந்தது. அதனால்தான் பள்ளிக்கூடத்தையே திறந்திருந்தார்கள். முதலில் சத்தம் எதுவும் வரவில்லை, தரைதான் நடுங்கியது. அந்த நடுக்கத்தில் அரிவாள்மணை அவளுடைய உள்ளங்கையைக் கீறிவிட, கையைப் பொத்தியபடி வெளியே வந்து பார்த்தவளுக்கு எதிரே, நாற்பதடி அகலத்துக்குக் கரை வாயைப் பிளந்திருந்தது. இரண்டு ஆள் உயரத்துக்குச் செம்மண் நிறத்தில் தண்ணீர் எழும்பி வந்துகொண்டிருந்தது.

ஓடுவதற்கு அவளுக்கு வழி இருந்தது. பின்னால் எட்டு வகுப்புகளும் பதினோராம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்ததால் அவள் ஓடவில்லை. தெருவில் மிரண்டு வரும் மாட்டை மறிப்பது போல இரண்டு கைகளையும் அகல விரித்துக்கொண்டு நின்றாள். கீறிய உள்ளங்கை தண்ணீரில் பட்டது. ரத்தம் பட்ட இடத்தில் தண்ணீர் நின்றது. அந்த இடத்தைப் பார்த்துப் பக்கத்துத் தண்ணீர் நின்றது, அதைப் பார்த்து அடுத்தது. இப்படி இந்தக் கரை முதல் அந்தக் கரை வரைக்கும் பால் உறைவது போல உறைந்து, பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவருக்கு நாலு எட்டுத் தள்ளி ஒரு தண்ணீர்ச் சுவராக அது நின்றுவிட்டது. வேலுத்தாய் கையை எடுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டு, அடுப்பில் பருப்பு அடிப்பிடிக்கிற வாசம் வந்ததால் உள்ளே போனாள். அன்றைக்குச் சாப்பாடு கால் மணி நேரம் தாமதம்.

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க வந்து பார்த்துவிட்டது. தொட்டுப் பார்த்தவர்கள், அது பனிக்கட்டி இல்லை, வெதுவெதுப்பாக இருக்கிறது என்றார்கள்; கன்றுக்குட்டியின் வயிற்றைத் தொடுவது போல இருக்கிறது என்றார்கள். உள்ளே கெண்டைகளும் விராலும் நீந்திப்போய் அந்தத் தோலில் மூக்கை இடித்துத் திரும்பின. காதை வைத்துக் கேட்டவர்களுக்கு உள்ளே ஒரு துடிப்பு கேட்டது. ஊரில் பிரசவம் பார்க்க வரும் நர்சு ஒரு கையைச் சுவரிலும் மறு கையை வேலுத்தாயின் மணிக்கட்டிலும் வைத்து, கடிகாரத்தைப் பார்த்து எண்ணி, "ரெண்டும் ஒண்ணுதான், எழுபத்தாறு" என்றாள். யாரும் ஆச்சரியப்படவில்லை. அவரவர் வீடு தப்பியது என்ற நிம்மதிதான் பெரிதாக இருந்தது.

பொதுப்பணித்துறையிலிருந்து வந்த உதவிப் பொறியாளர் நாடாவைப் பிடித்து நீளம், உயரம் அளந்தார். படிவத்தில் இதற்கென்று கட்டம் இல்லாததால் கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, 'உடைப்பு ஏற்பட்டது, நீர் வெளியேறவில்லை' என்று எழுதினார். "உடைப்புன்னா தண்ணி வெளியேறியிருக்கணும். வெளியேறாத தண்ணிக்கு எஸ்டிமேட் போட முடியாது" என்று சொல்லிவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு ஜீப்பில் ஏறினார். அதோடு கரையைக் கட்டுவது பற்றிய பேச்சு நின்றுபோயிற்று.

ஊர் அந்தச் சுவரோடு வாழப் பழகியது. முடிதிருத்தும் கடைக்காரர் இரண்டு நாற்காலிகளைக் கொண்டுவந்து சுவருக்கு எதிரே போட்டுக்கொண்டார், கண்ணாடி தேவைப்படவில்லை. பெண்கள் வேலைக்குப் போகிற போக்கில் அதில் முகம் பார்த்துப் பொட்டைச் சரிசெய்துகொண்டார்கள். கீழ்ப்பக்கத்து வயல்களில் நெல் எப்போதையும்விடச் செழித்தது. வெளியூர் மாப்பிள்ளை வீட்டார் வந்தால் முதலில் சுவரைக் காட்டிவிட்டுத்தான் பெண்ணைக் காட்டினார்கள்.

சுவரைப் பார்த்துக்கொண்டதைவிட அதிகமாக வேலுத்தாயைப் பார்த்துக்கொண்டார்கள். முப்பத்தொன்பது வயதுவரை யாரும் ஏறிட்டுப் பார்க்காத பொம்பளை அவள். பிள்ளை இல்லாதவள் என்று வளைகாப்புகளுக்குக் கூப்பிடாமல் விட்ட வீடுகளிலிருந்து இப்போது தூக்குச்சட்டியில் குழம்பு வந்தது. கெட்டியாக இருப்பதெல்லாம் ரத்தத்துக்கு நல்லது என்று யாரோ சொன்னதால், வெண்டைக்காயும் தயிரும் ஆட்டுக்கால் பாயாவுமாக வந்துகொண்டே இருந்தன. பூண்டு ரத்தத்தை இளக்கும் என்று பேச்சு கிளம்பிய மறுநாள், மளிகைக் கடையில் அவளுக்குப் பூண்டு விற்பதை நிறுத்தினார்கள். "ராத்திரி தூங்குனியா மதினி? தலைவலி உண்டா? வேகமா நடக்காதக்கா, நெஞ்சு படபடங்கும்" என்று தெருவில் போகிறவர்கள் வருகிறவர்களெல்லாம் கேட்டார்கள். அவள் ஒருமுறை தும்மியபோது டீக்கடையில் இருந்த எல்லோரும் எழுந்து கண்மாயைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"எனக்கு மூச்சு விடவே பயமா இருக்குங்க" என்றாள் கணவனிடம்.

சோலைமலை சுவருக்குக் கீழே ஒன்றரை ஏக்கர் குத்தகைக்கு உழுதவன், அதிகம் பேசாதவன். "நல்லதுதான நடக்குது. விடு" என்றான்.

மார்கழியில் ஒருநாள் விடிந்ததும் முகம் கழுவிவிட்டு நிமிர்ந்தபோது, இடது கண்ணின் கீழ்ப்பாதி சாம்பல் பூத்தது போல இருந்தது. சோப்பு பட்டிருக்கும் என்று இன்னொரு முறை கழுவினாள். வலி இல்லை, எரிச்சல் இல்லை. வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் சாமி படத்தில் கிரீடம் தெரிந்தது, பாதம் தெரியவில்லை. மத்தியானம் பிள்ளைகளுக்குப் பரிமாறும்போது படியில் கால் இடறிற்று. தலைமையாசிரியை எஸ்தர் ராணி வாசலில் வந்து நின்றபோது, இடது கண்ணால் மட்டும் பார்த்த வேலுத்தாய்க்கு, டீச்சர் இடுப்புக்கு மேலே மட்டும் காற்றில் நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன வேலுத்தாய், என்னையவே அப்படிப் பாக்குறீங்க?"

"உங்களுக்குக் காலு இல்ல டீச்சர்" என்றாள் வேலுத்தாய். சொன்ன பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

மதுரையில் பெரிய கண்ணாஸ்பத்திரி ஒன்றில், நிலோஃபர் என்ற டாக்டர் அவள் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்து வெகுநேரம் பார்த்தாள். சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை. ரத்தம் எடுக்க வந்த பெண் மூன்று முறை ஊசி மாற்ற வேண்டியிருந்தது. குழாய்க்கு வருவதற்குள் ஊசியிலேயே உறைந்து போனது. இரண்டு நாள் கழித்து முடிவுகளைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டர் இருவரையும் உட்காரச் சொன்னாள்.

"கண்ணுலேருந்து மூளைக்குப் போற நரம்பு இருக்கில்லம்மா, அது முடிய விட மெல்லிசான குழாய்ல வர்ற ரத்தத்தக் குடிச்சுத்தான் உயிரோட இருக்கு. உங்களுக்கு அந்த ரத்தம் போய்ச் சேரல. பாதி நரம்பு பட்டுப்போச்சு."

"எதனால டாக்டர்?"

"நம்ம ரத்தத்துல உறைய வைக்கிற புரதம்னு ஒரு கூட்டம் இருக்கு. அடிபட்டா ஓடி வந்து நூல் நூலாப் பின்னி அடைக்கும். அடைச்சது போதும், நிறுத்துன்னு சொல்றதுக்கும் சில புரதம் இருக்கு. உங்களுக்கு அடைக்கிறது ரொம்ப அதிகம். நிறுத்தச் சொல்றது பாதிகூட இல்ல. பொறந்ததுலேருந்தே இப்படித்தான் இருந்திருக்கும். இப்பக் கொஞ்ச நாளா ரொம்ப ஏறியிருக்கு."

"போன பார்வை வருமா?"

"வராதும்மா. இன்னொரு கண்ணக் காப்பாத்தப் பாக்கணும். ரத்தத்த இளக்குற மாத்திரை தர்றேன். அதனால கண்ணு பொழச்சிரும்னு சத்தியம் பண்ண மாட்டேன். போடலன்னா வேற எங்க வேணாலும் அடைக்கலாம், கண்ணு மட்டுமில்ல." எழுதிக்கொண்டே கேட்டாள், "பிள்ளைங்க எத்தன?"

"மூணு தங்குச்சு. மூணும் அஞ்சாம் மாசத்துல போயிருச்சு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். "இதே காரணமா இருந்திருக்கலாம்மா. பிள்ளைக்குப் போற ரத்தமும் இப்படித்தான் அடைச்சிருக்கும். அப்பவே யாராவது பாத்திருந்தா..." மருந்துச் சீட்டைக் கிழித்து நீட்டினாள்.

திரும்பி வருகிற வழி பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். பதினைந்து வருஷமாக அவளுடைய நடை, அவளுடைய ராசி, அவள் சாமிக்கு வைத்த குறை என்று எத்தனையோ காரணங்களை அவள் காதுபடச் சொல்லியிருக்கிறார்கள், அவளும் நம்பியிருக்கிறாள். ஊர் எல்லை வந்ததும், "கேட்டீங்கள்ல" என்றாள். சோலைமலை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவள் மாத்திரை போட ஆரம்பித்த நாலாம் நாள் சுவர் வியர்த்தது. ஆறாம் நாள் சத்துணவுக் கூடத்துப் பக்கம் விரல் தடிமனுக்குத் தண்ணீர் ஒழுகியது. அன்றைக்குச் சாயங்காலம் ஊராட்சித் தலைவர் அழகுமலை, பத்துப் பேரோடு அவள் வீட்டு வாசலுக்கு வந்தார். அதிகாரமாக வரவில்லை, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார்.

"ஏத்தா வேலுத்தாயி, ஒன்ன யாரும் கண்ணு போகட்டும்னு சொல்லல. நெல்லு பால் புடிச்சு நிக்குது. பொங்க வரைக்கும் அந்த மாத்திரைய நிப்பாட்டி வையி. இருபது நாளுதான்."

வேலுத்தாய் கணவனைப் பார்த்தாள். அவனும் அந்த நெல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். "இருபது நாளுதான" என்றான்.

அவள் நிறுத்தினாள். ஒரு வாரத்தில் சுவர் காய்ந்தது. பொங்கல் வந்தது, அறுப்பு முடிந்தது. மாத்திரையை எடுக்கப் போனபோது, தை கடைசியில் என் மகள் கல்யாணம், பந்தலே பள்ளிக்கூட மைதானத்தில்தான் என்று தலைவர் சொன்னார். கல்யாணம் முடிந்ததும், மாசியில் மீன் பிடித்துவிட்டால் கண்மாயே காலியாகிவிடும், அதுவரை பொறு என்றார்கள். எல்லோரும் அன்பாகவே கேட்டார்கள். கேட்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு நியாயமான காரணம் இருந்தது, ஒவ்வொரு காரணத்துக்கும் இருபது நாள் தேவைப்பட்டது.

அந்த நாட்களில் விழித்ததும் அவள் செய்கிற முதல் வேலை, இடது கண்ணைப் பொத்திக்கொண்டு வலது கண்ணால் சுவரில் தொங்கும் மாதக் காலண்டரைப் பார்ப்பது. கடைசி வரிசைத் தேதிகள் தெரிகின்றனவா என்று பார்ப்பாள். தெரிந்தால் எழுந்திருப்பாள். அடுப்பு ஊதும்போது ஒருமுறை, உலை கொதிக்கும்போது ஒருமுறை, பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது ஒருமுறை என்று, கண்ணைப் பொத்திப் பொத்திப் பார்ப்பது அவளுக்கு மூச்சு மாதிரி ஆகிவிட்டது. அவள் அப்படிப் பயந்து படபடக்கும்போதெல்லாம் தண்ணீரின் துடிப்பும் நூறைத் தாண்டும். உடனே யாராவது ஓடிவந்து, "பயப்படாதக்கா, சொவரு நடுங்குது" என்பார்கள்.

மாசி ஒன்பதாம் தேதி காலையில் கடைசி வரிசை புகை மூடினது போல இருந்தது.

அவள் கத்தவில்லை. பீரோவைத் திறந்து மாத்திரை டப்பாவை எடுத்தாள். அது காலியாக இருந்தது.

"இதுல இருந்த அட்டை எங்கங்க?"

சோலைமலை வாசலில் உட்கார்ந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தான். "தலைவர் கேட்டாரு. பத்திரமா வச்சிருக்கேன்னாரு."

"நீங்க எடுத்துக் குடுத்தீகளா?"

அவன் மற்றக் காலுக்கும் செருப்பை மாட்டினான். அவள் சேலையை மாற்றிக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனாள். "இருப்பு இல்லக்கா" என்றான் கடைக்காரன், அவள் சீட்டைப் பார்க்காமலேயே. கடைத்தெருவில் இருந்த இன்னொரு கடையிலும் அதே பதில்தான். மதுரை பஸ்ஸுக்குக் கைகாட்டினாள். கண்டக்டர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ரெண்டு விசில் கொடுக்க, பஸ் நிற்காமல் போயிற்று. அடுத்த பஸ்ஸும் அப்படியே போனது. ரோட்டோரம் நின்றவர்கள் அவளுக்கு நிழலில் நாற்காலி போட்டு மோர் கொடுத்தார்கள். வெயிலில் நிற்காதே, உனக்கு ஆகாது என்றார்கள்.

எஸ்தர் ராணி ஸ்கூட்டரை அவள் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். "ஏறுங்க" என்றாள்.

"டீச்சர், உங்களுக்கு எதுக்கு வம்பு? பிள்ளைக இருக்குதுக."

"அதுக்குத்தான் சொல்றேன், ஏறுங்க. நூத்திப் பதினெட்டுப் பிள்ளைகளும் ஒரு பொம்பளையோட நாடிக்குக் கீழ உக்காந்து படிக்குதுங்க. மூணு மாசமா பாடம் நடத்தும்போது என் கண்ணு ஜன்னல்லயேதான் இருக்கு. நாளைக்கு உங்களுக்கு மூளையில அடைச்சா அந்தச் சொவரு என்னத்தப் புடிச்சு நிக்கும்? இத ஏன் இந்த ஊர்ல ஒருத்தரும் கேக்கல?"

ரோட்டோரம் நின்றவர்கள் அதைக் கேட்டார்கள். மறிக்க வந்தவர்கள் கொஞ்சம் ஒதுங்கி நின்றார்கள்.

மதுரையில் டாக்டர் நிலோஃபர் திட்டினாள். கண்ணைப் பார்த்துவிட்டுத் திட்டுவதை நிறுத்தினாள். வலது கண்ணில் ஓரம்தான் போயிருக்கிறது, இப்போதே ஆரம்பித்தால் மிச்சம் நிற்கலாம் என்றாள். மாத்திரை ரத்தத்தில் முழுசாக ஏற ஐந்தாறு நாளாகும் என்றும் சொன்னாள்.

அன்று சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்தில் ஊர் கூடியிருந்தது. எஸ்தர் ராணியின் ஸ்கூட்டரிலிருந்து இறங்கிய வேலுத்தாய், தண்ணீர்ச் சுவருக்கு முன்னால் போய் நின்றாள். கையில் மாத்திரை இருந்தது. அவளுடைய நெஞ்சு அடித்துக்கொள்வது சுவரில் எல்லோருக்கும் கேட்டது.

"ஊரையே முழுகடிக்கப் போறியாத்தா?" என்றார் அழகுமலை. குரலில் கோபத்தைவிடப் பயம் அதிகம் இருந்தது.

"இல்ல. சொல்லிட்டுத்தான் முழுங்குறேன். அஞ்சு நாள் இருக்கு. மூணு மாசம் இருந்துச்சு, நீங்க ஒரு கூடை மண்ணு போடல. இது நின்னது எனக்கே தெரியாம நின்னது. என்னால ஆனமட்டும் நின்னுச்சு. இனி எனக்கு ஒரு கண்ணுதான் மிச்சம், அதையும் குடுத்துட்டு இந்தப் பிள்ளைகளுக்கு எதப் பாத்துச் சோறு போடுவேன்?" என்று சொல்லிவிட்டு, மாத்திரையை வாயில் போட்டு, டம்ளர் தண்ணீரைக் குடித்தாள். அந்த ஒரு மடக்குச் சத்தம் மைதானம் முழுக்கக் கேட்டது.

முதல் நாள் ஊர் அவளைத் திட்டியது. இரண்டாம் நாள் பொதுப்பணித்துறைக்கு ஃபோன் போட்டார்கள். தண்ணீர் வெளியேறட்டும், வருகிறோம் என்று பதில் வந்தது. மூன்றாம் நாள்தான் மண்வெட்டிகள் வெளியே வந்தன. பொக்லைன் வந்தது. உர மூட்டைச் சாக்குகளில் மண் நிரப்பி, நூறு பேர் வரிசையில் நின்று கைமாற்றினார்கள். சுவருக்கு முன்னால் தெற்கே ஓடை வரைக்கும் வாய்க்கால் வெட்டினார்கள். எஸ்தர் ராணி பள்ளிக்கூடத்தைப் பெஞ்சு பலகையோடு மேட்டிலிருந்த சந்தைக் கொட்டகைக்கு மாற்றினாள். பள்ளத்தில் இருந்த வீடுகளிலிருந்து பாத்திரம், ஆடு, கோழி, டிவி எல்லாம் மேட்டுக்கு ஏறின. மீன் குத்தகைக்காரர் மட்டும் சுவருக்கு முன்னால் உட்கார்ந்து உள்ளே ஓடும் விரால்களை வெறித்துக்கொண்டிருந்தார். சோலைமலை மூன்றாம் நாள் விடியற்காலையில் மண்வெட்டியோடு போனவன் வீட்டுக்குத் திரும்பவில்லை. மண் சுமக்கிற இடத்திலேயே சாப்பிட்டான், அங்கேயே படுத்தான்.

நாலாம் நாள் சுவர் வியர்த்தது. ஐந்தாம் நாள் ஒழுகியது. துடிப்பு மெல்ல மெல்ல அடங்கியது. அதைக் கேட்டவர்கள் ஓடிவந்து வேலுத்தாயின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார்கள். அவளுக்கு எழுபத்தாறு அப்படியே இருந்தது. சுவருக்கு முப்பது, பிறகு இருபது என்று இறங்கியது. அவளும் தண்ணீரும் வேறு வேறாகிக்கொண்டிருந்தார்கள்.

ஆறாம் நாள் காலை ஒன்பது மணிக்கு, சந்தைக் கொட்டகையில் அவள் அரிசி களைந்துகொண்டிருந்தபோது, சுவர் அடியிலிருந்து இளகிற்று. பெரிய சத்தமில்லை, தூங்கி எழுந்தவர் விடுகிற நீண்ட மூச்சு போல ஒன்று கேட்டது. பிறகு தண்ணீர் தண்ணீராகி ஓடியது. வெட்டிய வாய்க்கால் முக்கால்வாசியை வாங்கி ஓடைக்கு அனுப்பியது. மீதி, மண்மூட்டைகளுக்கு மேலே ஏறி வந்து சத்துணவுக் கூடத்தைத் தூக்கிக்கொண்டு போனது, சுற்றுச்சுவரைச் சாய்த்தது, பதினோரு வீடுகளில் முழங்கால் அளவுக்கு நின்றது. முடிதிருத்துகிறவரின் நாற்காலிகள் மிதந்து போயின. உயிர்ச்சேதம் இல்லை, யாரோ கட்டியிருந்ததை மறந்துவிட்ட ஒரு கிடாய் மட்டும் போயிற்று. மேட்டில் நின்ற பிள்ளைகள், தெருவில் துள்ளிப்போகும் கெண்டைகளை எண்ணினார்கள். மத்தியானத்துக்குள் பெரியவர்களும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மீன் பிடிக்க இறங்கிவிட்டார்கள். அழகுமலை சேற்றில் நின்றுகொண்டு, கரைக்கு எஸ்டிமேட் போட வந்த உதவிப் பொறியாளரிடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

பிள்ளைகளுக்குச் சோறு போட்டு முடித்துவிட்டு வேலுத்தாய் தெரு வழியாக வீட்டுக்கு நடந்தாள். எல்லோரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. அவள் போய்க் கட்டிலில் படுத்தாள். மூன்று மாதத் தூக்கத்தையும் சேர்த்துத் தூங்குவது போல, மறுநாள் வெயில் ஏறும்வரை தூங்கினாள்.

விழிப்பு வந்தும் கண்ணைத் திறக்காமல் கிடந்தாள். அறையில் யாரோ உட்கார்ந்திருக்கிற மூச்சுச் சத்தம் கேட்டது. இடது கண்ணைக் கையால் பொத்தினாள். வலது கண்ணைத் திறப்பதற்கு அவளுக்கு வெகுநேரம் பிடித்தது.

கட்டிலுக்கு எதிரே சுவரில் சாய்ந்து சோலைமலை உட்கார்ந்திருந்தான். கன்னம் ஒட்டிப்போன அவன் முகம் தெரிந்தது, அழுக்குச் சட்டை தெரிந்தது, கொப்புளம் உடைந்த உள்ளங்கைகள் தெரிந்தன. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்வையை அசைக்காமல் வைத்திருந்தாள். கீழ்க்கோடியில் புகைச்சல் இருந்தது, ஆனால் ஏறவில்லை. அந்தப் புகைச்சலுக்கு மேலே, தரையில் நீட்டியிருந்த அவன் கால்கள் தெரிந்தன, சேறு காய்ந்து வெடித்த பாதங்கள் தெரிந்தன.

"தெரியுதா?" என்றான் அவன்.

அவள் ஒவ்வொரு விரலாக எண்ணி முடிக்கும் வரைக்கும் அவன் காலை மடக்காமல் வைத்திருந்தான்.